அடிமனை நம்முடையதல்ல: விரிகுடாப் பகுதித் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, சன்னிவேல் வட்டாரங்களில் உள்ள மொபைல் ஹோம் பார்க்குகளில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த வீடுகளை வாடகை மனைகளில் நிறுத்தியிருக்கும் குடியிருப்புகளில், வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களைக் குறித்து இம்மடலை எழுதுகிறேன். சான் ஹோசே நகர எல்லைக்குள் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இத்தகைய பார்க்குகள் உள்ளன. நான் குடியிருக்கும் பார்க்கில் ஐந்தாண்டுகளுக்கு முன் எங்களையும் சேர்த்து இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, இன்று ஏழு. தனி வீட்டுக்கு முன்பணம் புரட்ட முடியாதவர்களும், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்பவர்களும், அடுக்ககத்தின் வாடகைக்குப் பதிலாக ஏதோவொன்று சொந்தமாகட்டும் என்று எண்ணுபவர்களும் இங்கே வருகிறார்கள். அவர்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தாங்கள் எதை வாங்குகிறோம், எதை வாங்கவில்லை, சட்டம் எந்த இடத்தில் தங்களுக்குத் துணை நிற்கிறது என்பதை அறியாமலேயே அவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திடுகிறார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகு, இனியும் இதைப் பேசாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வீடுகளின் நிலையை விளக்க நான் எப்போதும் கும்பகோணத்தையும் ஸ்ரீரங்கத்தையும் சொல்வதுண்டு. கோயில் மனையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு வீடு சொந்தம், அடிமனை கோயிலுக்குச் சொந்தம்; அதற்கு அடிமனை வாடகை கட்டவேண்டும். பார்க் வீடும் அப்படித்தான். சுவரும் கூரையும் நம்முடையவை. அவை நிற்கும் மண் பார்க் உரிமையாளருடையது. பிறர் மனையில் தன் காசில் கட்டிடம் எழுப்பிக் குடியிருப்பவனுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று சென்னை நகரத்துக்காக 1921லேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கலிஃபோர்னியாவின் மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் 1978இல் அதே தேவையிலிருந்துதான் பிறந்தது. 'மொபைல்' என்று பெயர் இருந்தாலும் இவ்வீடுகளை இடம் மாற்றுவதற்குப் பெருஞ்செலவாகும், மாற்றும்போது வீடு சேதமடையவும் கூடும். ஆகவே சாதாரண வாடகைதாரருக்கு இல்லாத பாதுகாப்பு இவர்களுக்குத் தேவை என்று அச்சட்டமே தன் நோக்கத்தை எடுத்துரைக்கிறது.

ஆக, வாங்குபவருக்கு இரண்டு வேறு சட்ட உறவுகள் ஏற்படுகின்றன: ஒன்று வீட்டை விற்றவரோடு, மற்றொன்று மனைக்குரியவரோடு. இரண்டில் எதைக் கவனிக்காமல் விட்டாலும் இழப்பு பெரிது. முதலாவதில் நானே இழந்தவன் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பார்க்கில் இருந்த பழைய வீட்டை அகற்றிவிட்டு, அந்த மனையில் ஒரு விற்பனையாளரிடமிருந்து புதிய வீடு வாங்கி நிறுத்தினோம். மார்ச் மாதம் இரண்டு பகுதிகளாக லாரியில் வந்து இறங்கியது. ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் சிறிய சிவப்பு உலோகத் தகடு ஒன்று அறையப்பட்டிருந்தது. அமெரிக்க நடுவண் அரசின் வீட்டுவசதித் துறை 1976 ஜூன் 15 முதல் நடைமுறைப்படுத்திய கட்டுமான, பாதுகாப்புத் தரங்களின்படி அவ்வீடு செய்யப்பட்டது என்பதற்கான சான்று அது. வீட்டுக்குள்ளே, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில், தயாரித்தவர் பெயர், வரிசை எண், கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பன போன்ற விவரங்கள் அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் அன்று நான் ஒரு முறை பார்த்ததோடு சரி.

டிசம்பர் மழைக்குப் பிறகு படுக்கையறைக் கதவு மூடவில்லை. மகளின் பந்தை கூடத்தில் வைத்தால் அது தானாகவே மேற்குச் சுவரை நோக்கி உருண்டது. வீட்டின் அடியில் குனிந்து பார்த்தபோது, இரும்புச் சட்டத்தைத் தாங்கும் முட்டுகளில் மூன்று மண்ணில் இறங்கியிருந்தன. விற்பனையாளரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வாரம் ஆள் வருவார் என்றார்கள். ஆள் வரவில்லை, மறுபடி அழைத்தேன், மழை நிற்கட்டும் என்றார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நான் ஏறத்தாழப் பதினைந்து முறை அழைத்திருப்பேன். ஏப்ரலில்தான் ஒரு நண்பர் சொல்லிக் கடிதம் எழுதினேன். காலம் கடந்துவிட்டது என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. கலிஃபோர்னியா குடிமைச் சட்டத் தொகுப்பின்படி, புதிய வீட்டின் பொருளிலோ வேலைப்பாட்டிலோ கணிசமான குறை இருந்தால் தயாரித்தவரும், விற்றவரும், நிறுவிய ஒப்பந்தக்காரரும் ஓராண்டுக்குப் பொறுப்பு. ஆனால் வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டும் 10 நாட்களும் முடிவதற்குள் அக்குறையை எழுத்து மூலமாக அவர்களுடைய அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது எழுத்து ஆகாது. அந்தப் பதினைந்து அழைப்புகளில் ஒன்றை ஒரு பதிவுத் தபாலாக மாற்றியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். முட்டுகளைச் சமன் செய்ய 2,800 டாலர் என் கையிலிருந்து போனது. பணத்தைவிட, உத்தரவாதப் பத்திரம் அலமாரியில் பத்திரமாக இருந்தும் அதன் இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. முட்டுகள் வெறும் கதவுச் சிக்கலும் அல்ல. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இவ்வகை வீடுகள் பல முட்டுகளிலிருந்து சரிந்து விழுந்தன. எரிவாயுக் குழாய்கள் முறிந்து தீப்பிடித்த வீடுகளும் உண்டு.

பழைய வீட்டை வாங்குவோருக்குச் சிக்கல் வேறு விதமானது. இவ்வீடுகள், நிலையான அடித்தளத்தில் பதித்துக் கவுன்ட்டியில் பதிவு செய்யப்பட்டாலொழிய, சட்டத்தின் கண்ணில் அசையாச் சொத்து அல்ல. கார் போல, மாநில வீட்டுவசதி மற்றும் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவாகி, உரிமைச் சான்றிதழ் பெற்று, எண் பொறித்த ஒட்டுவில்லையோடு நிற்பவை. விற்பவர் முகவர் வழியாக விற்றால் எஸ்க்ரோ கட்டாயம். மூன்றாம் தரப்பு ஒன்று பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெயர் மாற்றம் ஒழுங்கான பிறகே விற்றவரிடம் கொடுக்கும். ஆனால் நம்மவர்களில் சிலர் முகவர் கமிஷனை மிச்சம் பிடிக்க, வாட்ஸாப் குழுவில் விளம்பரம் பார்த்து நேரடியாக வாங்குகிறார்கள். என் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம், இறந்துபோன முதியவர் ஒருவரின் உறவினரிடமிருந்து காசோலை கொடுத்து வீடு வாங்கியது. பெயர் மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, முதியவரின் பெயரிலும் அவ்வீடு இல்லை, அவருக்கு முன்னிருந்தவரின் பெயரில் இருந்தது. பல ஆண்டுப் பதிவுக் கட்டணம் பாக்கி. பாக்கி தீராமல் பெயர் மாறாது. இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. முந்தைய உரிமையாளர்களின் வரியும் கட்டணமும் நிலுவையில் இருந்ததால் தங்கள் பெயரில் பதிய முடியாமல் தவித்தவர்கள் மாநிலம் முழுவதும் இருந்த காரணத்தால், அந்த நிலுவைகளைத் தள்ளுபடி செய்ய 2016இல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பணம் கொடுப்பதற்கு முன் ஒட்டுவில்லை எண்ணைக் கொண்டு அத்துறையில் உரிமை விவரம் கேட்டுப் பார்த்திருந்தால் அக்குடும்பம் எட்டு மாதம் அலைந்திருக்க வேண்டியதில்லை.

இனி மனைக்கு வருகிறேன். இதில்தான் சட்டம் மிக வளமானது, நம்மவர்களின் அறியாமையும் மிக அதிகம்.

வீட்டை விலை பேசி முடித்தாலும், வாங்குபவரை ஏற்பதற்கான ஒப்புதலைக் கேட்கும் உரிமை பார்க் நிர்வாகத்துக்கு உண்டு. அதற்கும் வரம்பு இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும்; வாடகை கட்டும் வசதி இல்லை என்றோ, முன்பு குடியிருந்த இடங்களின் வரலாற்றைப் பார்த்தால் பார்க் விதிகளுக்குக் கட்டுப்படமாட்டார் என்றோ காரணம் காட்டித்தான் மறுக்க முடியும். ஒப்புதலைவிட முக்கியமானது வாடகை ஒப்பந்தம். அதில் கையெழுத்திடாமல் வீட்டை மட்டும் வாங்கியவருக்கு அந்த மனையில் குடியிருக்கும் உரிமையே இல்லை என்கிறது சட்டம். முழு விலை கொடுத்து வாங்கிய வீட்டில் அவர் சட்டவிரோதமாகக் குடியிருப்பவராகிவிடுவார். ஆகவே எஸ்க்ரோ முடியும் முன் மனை ஒப்பந்தம் கையில் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக, பார்க்கின் நிலவரத்தைச் சொல்லும் விவரப் படிவத்தை நிர்வாகம் தரவேண்டும். ஒப்பந்தத்தோடு குடியிருப்புச் சட்டத்தின் பிரதியும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மாதாமாதமாகவோ 12 மாதத்துக்கோ ஒப்பந்தம் செய்துகொள்ளும் தெரிவு வாங்குபவருடையது. அச்சட்டம் தரும் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்த வரி செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி என்ன செய்வது என்று பொறுத்துப் போகிறவர்களை நான் பார்க்கிறேன்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்குவது நம் வீடுகளில் வழக்கம். எங்கள் பார்க்கில் ஒரு தம்பியிடம், அவருடைய மாமனாரும் மாமியாரும் வந்த இரண்டாம் மாதத்தில், கூடுதல் ஆட்களுக்கான கட்டணம் என்று மாதந்தோறும் ஒரு தொகை கேட்டார்கள். அவர் கட்டிக்கொண்டிருந்தார். விருந்தினர் தொடர்ச்சியாக 20 நாளுக்கு மேலோ ஓராண்டில் மொத்தம் 30 நாளுக்கு மேலோ தங்கினால் கட்டணம் கேட்கச் சட்டம் இடம் தருவது உண்மை. ஆனால் அடுத்த பிரிவிலேயே, நெருங்கிய குடும்பத்தினரின் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் விதிக்கக் கூடாது என்றும், நெருங்கிய குடும்பம் என்பதில் வீட்டுக்காரர், துணைவர், இருவருடைய பெற்றோர், பிள்ளைகள், 18 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகள் அடங்குவர் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. மாமனார், மாமியார் இந்தச் சட்டத்துக்கு விருந்தாளிகள் அல்லர், குடும்பம். அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு அவர் ஒரு கடிதம் கொடுத்ததும் கட்டணம் நின்றது, ஏற்கெனவே கட்டியதும் திரும்ப வந்தது. ஒரு பக்கக் கடிதம். நான்கு மாதத் தாமதம். அந்த நான்கு மாதமும் அந்த முதியவர்கள் தாங்கள் மகளுக்குச் சுமையாகிவிட்டோம் என்று வருந்தியதை அந்த மாமியார் என்னிடம் சொல்லிக் கண்கலங்கியதை மறக்க முடியவில்லை.

அடிமனை வாடகையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். எவ்வளவு உயர்த்தலாம் என்பதைப் பெரும்பாலும் நகரங்களுக்கே விட்டுவிட்டது. சான் ஹோசேயின் நகரச் சட்டம் அதன் கீழ் வரும் பார்க்குகளில் ஆண்டு உயர்வை விலைவாசிக் குறியீட்டு உயர்வின் 75 விழுக்காடு என்று, குறைந்தது 3, மிஞ்சினால் 7 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. 1990 ஜனவரி 1க்குப் பிறகு முதன்முதலாக வாடகைக்கு விடப்பட்ட புதிய மனைகளுக்கு இத்தகைய உள்ளூர்க் கட்டுப்பாடு பொருந்தாது என்றே 2022 வரை மாநிலச் சட்டம் இருந்தது. நீண்டகாலக் குத்தகையில் கையெழுத்திட்டால் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறிவிடும் பழைய ஏற்பாட்டை 2020இல் நிறைவேறிய சட்டம் படிப்படியாக நீக்கி, 2025 ஜனவரி 1 முதல் முழுவதுமாக முடித்துவைத்தது. இருந்தும், இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால் வாடகை ஏறாது என்று யாரோ சொன்னதை நம்பி இன்னமும் அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. பார்க்கை மூடி வேறு பயன்பாட்டுக்கு மாற்றும்போது, வேறு பார்க்கில் தகுந்த இடம் கிடைக்காத வீட்டுக்காரருக்கு, வீடு நிற்கும் இடத்திலேயே அதற்குள்ள சந்தை மதிப்பைத் தரவேண்டும் என்பதும் அதே 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்ததே.

கடனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனை நம்முடையதல்ல என்பதால், வங்கி தருவது பெரும்பாலும் வீட்டுக் கடன் அல்ல, அசையும் பொருள்மீதான கடன். வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. நடுவண் அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012இல் இவ்வகை வீடுகளுக்கு வழங்கப்பட்ட கொள்முதல் கடன்களில் ஏறத்தாழ 68 விழுக்காடு உயர்வட்டிக் கடன் என்ற வகையில் வந்தன. மண்ணில் கட்டப்பட்ட வீடுகளில் அது 3 விழுக்காடு. விற்பவரே ஏற்பாடு செய்யும் கடனாக இருந்தால் ஒரு துணை உண்டு: 1976 முதல் நடைமுறையில் உள்ள நடுவண் விதி ஒன்றின்படி, விற்றவருக்கு எதிராக நாம் எழுப்பக்கூடிய முறையீடுகளைக் கடன் பத்திரத்தைப் பின்னர் வாங்கியவருக்கு எதிராகவும் எழுப்பலாம். அந்த அறிவிப்பு கடன் பத்திரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும், தேடிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் உங்களுக்கு எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் ஸ்பானியம், சீனம், டகாலோக், வியட்நாமியம், கொரியம் ஆகிய ஐந்து மொழிகளில் பேச்சுவார்த்தை நடந்திருந்தால், பல வகை ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் அந்தந்த மொழியில் மொழிபெயர்த்துத் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஸ்பானியத்துக்கு மட்டும் என்று 1974இல் தொடங்கி, 2004இல் மற்ற நான்கும் சேர்ந்தன. தமிழ் அதில் இல்லை. நாம் ஆங்கிலம் அறிந்தவர்கள்தாமே என்று நீங்கள் எண்ணலாம். நானும் இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவன்தான். அந்த உத்தரவாதப் பத்திரத்தின் இரண்டாம் பக்கம் எனக்குப் புரியாத மொழியில் இருக்கவில்லை. அதைப் படிக்கவேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கணவர் அலுவலகத்தில் இருக்க, வீட்டில் தனியாக நோட்டீஸை வாங்கும் பெண்களுக்கும், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீட்டில் தனியே வாழும் முதியவர்களுக்கும் ஆங்கிலமும் ஒரு தடைதான்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். பொங்கல் விழாவுக்கும் சித்திரை விழாவுக்கும் நீங்கள் அரங்கு எடுக்கிறீர்கள்; வரி தாக்கல் பற்றியும் கல்லூரிச் சேர்க்கை பற்றியும் கூட்டம் நடத்துகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டத்தில் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய பிரிவுகளை, பிரிவு எண்ணோடு, எளிய தமிழில் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்குள் மொழிபெயர்த்து வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களில் இதைச் செய்யவல்லவர்கள் பலர் உண்டு, அதைச் சரிபார்க்க நம் சமூகத்தில் வழக்கறிஞர்களும் உண்டு. வீடு வாங்கப் போகிறவர் கையெழுத்திடும் முன் தன் தாள்களை எடுத்துவந்து ஒரு மணி நேரம் உடன் உட்கார்ந்து படிக்க இரண்டு மூன்று தன்னார்வலர்களை நியமியுங்கள். பார்க் நிர்வாகத்தோடு தீராத பிணக்கு உள்ளவர்களின் புகாரை ஏற்று, தேர்ந்தெடுத்தவற்றைச் சட்ட உதவி அமைப்புகளுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை மாநிலத் துறை 2020 ஜூலையில் தொடங்கியது. அதற்காக ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 10 டாலர் கட்டணம் வசூலிக்கப்பட்டது. அந்தக் கட்டணத்தைக் கட்டிய நம்மவர்களில் எத்தனை பேருக்கு அது எதற்காகக் கட்டப்படுகிறது என்று தெரிந்திருந்தது?

மேலே சொன்ன மொழிகளின் பட்டியலில் தமிழும் பிற தெற்காசிய மொழிகளும் சேரவேண்டும் என்று நம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அமைப்பின் பெயரில் ஒரு கடிதம் எழுதுவதையும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தெலுங்கு, கன்னடம், இந்தி, பஞ்சாபி பேசும் அண்டை அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டால் அக்கடிதத்துக்கு வலு கூடும்.

மொழிபெயர்ப்பின் முதல் வரைவை எழுத நான் தொடங்கிவிட்டேன். குடும்பத்தினர் கட்டணம் பற்றிய பிரிவும் வாங்குபவர் ஒப்புதல் பற்றிய பிரிவும் முடிந்திருக்கின்றன. உங்களில் யார் கேட்டாலும் அனுப்பி வைக்கிறேன். முதல் கூட்டத்துக்கு எங்கள் பார்க்கின் பொதுக்கூடத்தைப் பயன்படுத்தலாம். சட்டம் அந்த உரிமையையும் குடியிருப்பவர்களுக்குத் தந்திருக்கிறது.

அன்புடன்,
சான் ஹோசேயில் ஒரு பார்க்கில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்